சிவப்புப் புள்ளி வைத்த ஊர்

அந்தப் பையை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மேலே வைத்தால் அடுத்த வேகத்தடையில் உங்கள் தலையிலேயே விழும். வேகத்தடை என்பது அடுத்தவர் இடுப்பை ஒடிப்பதற்காகப் போட்டது என்று இந்த டிரைவருக்கு நினைப்பு.

ஆட்சியர் அலுவலகத்துக்கா? நானும் அங்கேதான். போய்ச் சேர இன்னும் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அதுவரை அந்தப் போனில் என்ன, மனு எப்படி எழுதுவது என்று அதனிடமே கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா? எழுதித் தரும். பணிவுடன் என்று தொடங்கி, தாழ்மையுடன் என்று முடித்து, அழகாக எழுதித் தரும். எழுதித் தருவது ஒரு பெட்டி. அங்கே வாங்கிப் படிப்பதும் ஒரு பெட்டி. நடுவில் நீங்கள் எதற்குப் பஸ்ஸில் வந்து சிரமப்பட வேண்டும்? இரண்டும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளட்டுமே.

என் பெயர் கோமதிநாயகம். அதே அலுவலகத்தில், மனுப் பிரிவில், இருபத்தெட்டு வருஷம். எழுத்தராகப் போனேன், கண்காணிப்பாளராக வெளியே வந்தேன். நான் பேசுவது கொஞ்சம் கோப்பில் குறிப்பு எழுதுவதுபோல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மனைவி பகவதி சொல்வாள்: "உங்ககிட்ட ஒரு செம்பு தண்ணி கேட்டாக்கூட, பார்வை ஒன்று, பார்வை இரண்டுன்னு சொல்லிட்டுத்தான் மோந்து தருவீங்க."

முன்னால், டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டில், மஞ்சள் பையை அணைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே, அவள் சொர்ணத்தாய். எங்கள் ஊர்தான். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இந்த விஷயத்துக்கு அவள் அவ்வளவு முக்கியமில்லை.

விஷயம் ஒரு பாலம். பெரிய பாலம்கூட இல்லை. கால்வாய்க்கு மேலே ஓர் ஆட்டோ போகிற அகலத்தில் ஒரு கான்கிரீட் பலகை.

ஓய்வு பெற்றதும் ஆனந்தா நகரில் ஒரு மனை வாங்கி வீடு கட்டினேன். பெயர்தான் நகர். வருவாய்த் துறைக் கணக்கில் அது மேலக்கால்குளம் கிராமம். கால்வாய்க்கு அந்தப் பக்கம் பழைய ஊர், அதை ஒட்டி எங்கள் பதினொரு வீடு. இடம் ஏன் இவ்வளவு மலிவு என்று புரோக்கரிடம் கேட்டேன். "பாலம் இல்லைல்லா சார். பாலம் வந்துட்டா ரெட்டிப்பு" என்றார். வராமலா போகும் என்று நினைத்தேன். எத்தனை ஊர்ப் பாலத்துக்குக் கடிதம் போட்ட கை இது.

கால்வாயின் குறுக்கே இரண்டு தென்னந்தடி போட்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் இல்லை, பழகிவிட்டது. ஆனால் பகவதிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். ஆட்டோ இந்தக் கரையில் நின்றுவிடும். அவளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, தடியின் மேல் தூக்கி வர வேண்டும். சொர்ணத்தாயும் அவள் மருமகள் மாரிக்கனியும் முன்னால் பிடிப்பார்கள், பழைய ஊர்க்காரர்கள் இரண்டு பேர் பின்னால். நான் எல்லோருடைய செருப்பையும் பார்த்துக்கொள்வேன்.

போன ஐப்பசியில் தண்ணீர் தடியை அடித்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு முறை டயாலிசிஸ் தவறிப்போனது. முகமெல்லாம் ஊதி, படுத்தால் மூச்சு முட்டி, ஒரு பகல் முழுக்கச் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியதும் நாற்காலியைத் தலைக்கு மேலே தூக்கிக் கொண்டுபோனார்கள். "இனி ஒருமுறை இப்படி விட்டால் நான் பொறுப்பில்லை" என்றார் டாக்டர். அடுத்த மழைக்குள் பாலம் வேண்டும். என் கோரிக்கை அவ்வளவுதான்.

மனு எழுதினேன். நான்கு பக்கம். பார்வையில் ஆறு ஆவணம், இணைப்பில் கிராம வரைபடம், டாக்டர் சான்று. நான் வேலையில் இருந்தபோது அப்படி ஒரு மனுவை எவனாவது கொண்டுவந்திருந்தால் எழுந்து நின்று வாங்கியிருப்பேன். எவனும் கொண்டுவரவில்லை. கசங்கிய வெள்ளைத்தாளில், வாசல் மரத்தடியில் எழுதி வாங்கி, பெருவிரலில் மை காயாமல் கொண்டுவந்து நீட்டுவார்கள்.

திங்கட்கிழமை மனு நாள். வரிசையில் நின்றேன், நான். கவுன்டரில் ஒரு பெண் என் மனுவை வாங்கி, படிக்கவில்லை, ஏதோ ஒரு கருவியின் அடியில் நான்கு பக்கத்தையும் காட்டினாள். டக், டக், டக், டக். "மெசேஜ் வரும் சார்." வெளியே வந்து டீ சொன்னேன். டீ வரவில்லை, மெசேஜ் வந்துவிட்டது.

"கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. ஏற்க இயலாத நிலை உள்ளதால் மனு முடிக்கப்படுகிறது."

நாங்கள் இதே வேலைக்கு நான்கு மாதம் எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு மரியாதை இருந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், தமிழ் நன்றாக இருந்தது. "ஏற்க இயலாத நிலை உள்ளதால்." இப்போது யார் இப்படி எழுதுகிறார்கள்? ஒரு பெட்டிக்கு இவ்வளவு சுத்தமான வாக்கியம் எங்கிருந்து கிடைத்தது என்று, அந்த எரிச்சலிலும், கொஞ்சம் ரசித்தேன்.

உள்ளே போனேன். என் பழைய இடத்தில் அருள்ராஜ் உட்கார்ந்திருந்தான். நான் கோப்புக் கட்டச் சொல்லிக்கொடுத்தவன்.

"சிஸ்டம் குளோஸ் பண்ணிடுச்சு சார்" என்றான்.

"ஏன்?"

"அது சொல்லாது சார்."

"நீ சொல்லு."

"எனக்கும் சொல்லாது சார்."

"திறந்து பார்."

"நமக்கு பர்மிஷன் இல்லை சார். கம்பெனிக்காரங்க பார்த்துக்கிறாங்க. செயற்கை நுண்ணறிவு சார். தினம் ஆயிரம் மனு. இந்த மாசம் நிலுவை பூஜ்யம், கலெக்டர் பாராட்டினாங்க."

நுண்ணறிவாம். என் நான்கு பக்கத்தை நான்கு நொடியில் படித்த நுண்ணறிவு. அருள்ராஜுக்கு இயற்கையிலேயே அறிவு குறைவு. செயற்கையாக ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால் அவனுக்கு நிம்மதியாகத்தானே இருக்கும்?

இரண்டாம் மனு போட்டேன். மூன்றாவது போட்டேன். அதே வாக்கியம். மூன்றாவது மனுவும் முடிந்து திரும்பி வரும்போது சொர்ணத்தாய் கால்வாயில் புதுத் தடிக்குக் கல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சார், முடிச்சுட்டாகளா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்களுக்கு அப்பிடித்தான சார் வரும். முன்ன தபால்ல வந்துது, இப்ப போன்ல வருது. தபால்னா நாலு மாசமாச்சும் நம்பிக்கிட்டுக் கிடப்போம்."

எங்களுக்கு என்றாள், கவனித்தீர்களா? என்னையும் சேர்த்து.

அன்றைக்குப் போய் அரசியல் சட்டத்தைத் தமிழில் வாங்கிவந்தேன். பகவதி டயாலிசிஸ் கட்டிலில் நான்கு மணி நேரம் படுத்திருப்பாள், நான் வெளி பெஞ்சில் உட்கார்ந்து படிப்பேன். பதினான்காவது பிரிவு: சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்பதை அரசு எவருக்கும் மறுக்கக் கூடாது. பதினைந்தாவது: மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம், இவற்றை வைத்து ஒருவரை வேறாக நடத்தக் கூடாது. பிறந்த இடம் என்பதை நானே கோடிட்டு வைத்தேன். பென்சிலால்தான். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் அந்தப் புத்தகத்தைப் பிரிக்க எனக்கு நேரம் இருந்ததில்லை. படித்ததும் ஆத்திரம் வந்தது. இவ்வளவு தெளிவாக எழுதிவைத்திருக்கிறார்கள். இதை ஒரு வரிகூடப் படிக்காத பெட்டியைக் கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறார்கள்.

பெனாசிர் என்று ஒரு வக்கீல். சின்னப் பெண், பேனா மூடியைக் கடித்துக்கொண்டேதான் பேசும். இதுவா என் வழக்கை நடத்தப்போகிறது என்று இருந்தது. கேட்டேன்: "அரசு மறுக்கக் கூடாது என்றுதானே இருக்கிறது? மறுத்தது பெட்டி. நாளைக்கு, பெட்டி அரசு ஆகாது என்பார்களே?"

"அரசு தன் வேலையை யார் கையில கொடுத்தாலும், அந்தக் கைக்கும் அரசியல் சட்டம்தான் சார்" என்றது. "மனுஷன் கையா இருந்தா என்ன, மெஷின் கையா இருந்தா என்ன? காரணம் சொல்லணும், மறுக்கப்பட்டவங்க பேச்சைக் கேட்கணும், ஒருத்தர் கையெழுத்துப் போடணும்." பேனா மூடியை எடுத்துவிட்டு, "உங்க ஊர்ல வேற யாருக்காவது இப்படி வந்திருக்கா?" என்று கேட்டது.

"அவர்கள் கேஸ் வேறு, என் கேஸ் வேறு. என்னுடையது முறைப்படியான மனு" என்றேன்.

"ஒருத்தருக்குத் தப்பா மறுத்தா ஏதோ தவறிப்போச்சுன்னு சொல்லித் தப்பிச்சுக்குவாங்க சார். ஒரு ஊருக்கே மறுத்திருந்தா தப்பிக்க முடியாது. கூட்டிட்டு வாங்க."

கூட்டிக்கொண்டு போனேன், வேறு வழியில்லாமல். சொர்ணத்தாய் இதே மஞ்சள் பையோடு வந்தாள். மேசைமேல் கவிழ்த்தாள். முப்பத்தொரு பதில். முதலாவது தொண்ணூற்றெட்டாம் வருஷத்தது. ஒவ்வொன்றையும் மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள். எல்லாம் பாலம் கேட்டதற்கு. பெனாசிர் வரிசையாக அடுக்கிப் படித்துக்கொண்டே போனது. கடைசி நான்கில் இரண்டில் வேறு கையெழுத்து, இரண்டு போனில் வந்ததை அச்செடுத்தது. மற்ற எல்லாவற்றிலும் கீழே "ஆட்சியருக்காக" என்று அச்சாகி, அதற்கு மேலே ஒரு சுழி. அந்தச் சுழியை யாராலும் பெயராகப் படிக்க முடியாது. முடியக் கூடாது என்றுதான் அப்படிப் போடுவது.

ஆமாம். என் சுழிதான். அதற்கென்ன? மனுப் பிரிவில் இருந்தால் மனுவை முடிக்கத்தான் செய்வார்கள்.

உயர் நீதிமன்றத்தில் அரசு வக்கீல் நிலுவை பூஜ்யம் என்று ஆரம்பித்தார். நீதிபதி, "காரணம் என்ன?" என்று கேட்டார். அது கம்பெனியின் தொழில் ரகசியம் என்றார் அவர். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ஒரு குடிமகனுக்கு இல்லை என்று சொல்ல அரசுக்கு அதிகாரம் இருக்கலாம். ஏன் இல்லை என்று சொல்லாமல் இருக்க அதிகாரம் கிடையாது. காரணத்தைச் சொல்லத் தெரியாத கருவியை வைத்து இனி ஒரு மனுவையும் முடிக்காதீர்கள். முடித்தவற்றுக்குக் காரணத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள்."

எழுந்து கை தட்டலாம்போல இருந்தது எனக்கு. அரசு வக்கீல் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அருள்ராஜ் கடைசி வரிசையில் ஃபைலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான், பாவம்.

மூன்று வாரம் கழித்துக் காரணம் வந்தது. இரண்டு பக்கம். கம்பெனியிலிருந்து டைட் பேன்ட் போட்ட ஒருவன் வந்து வாசித்தான். அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வந்தது. இந்தச் செயலிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது பழைய பதிவேடுகள். மனுப் பிரிவின் தன்பதிவேடுகளை, அதாவது வந்த மனுவையும் முடித்த விதத்தையும் எழுத்தர் எழுதிவைக்கிற நோட்டுகளை, வருஷம் விடாமல் ஸ்கேன் செய்து கொடுத்திருக்கிறார்கள். அவற்றில் மேலக்கால்குளம் என்று வருகிற ஒவ்வொரு இடத்திலும், ஓரத்தில், சிவப்பு மையில் ஒரு புள்ளி. புள்ளி வைத்த மனு ஒன்றுகூட விசாரணைக்குப் போனதில்லை. எனவே அந்த ஊரிலிருந்து எந்த மனு வந்தாலும் முடித்துவிட வேண்டும் என்று செயலி கற்றுக்கொண்டது. பதிலுக்கான வாக்கியத்தையும் அங்கிருந்தே எடுத்துக்கொண்டது.

என்ன பார்க்கிறீர்கள்? அலுவலகத்தில் எல்லா சீட்டிலும் புள்ளி உண்டு. சட்டத்தில் இல்லை, வழக்கத்தில் உண்டு. தொல்லை ஊர் என்று ஒன்று இரண்டு எல்லோருக்கும் இருக்கும். புள்ளியைப் பார்த்தால் மேலே படிக்க வேண்டாம், நேரம் மிச்சம். எனக்குப் பிறகு வந்தவர்களும் என் புள்ளியை வைத்துத்தான் வேலை பார்த்தார்கள், நன்றி சொல்ல வேண்டியவர்கள். நான் என்றைக்கும் ஆளைப் பார்த்து எதுவும் செய்ததில்லை. ஊரைப் பார்த்துத்தான் செய்தேன்.

மேலக்கால்குளத்துக்கு ஏன் வைத்தேன் என்றால், அதற்கும் காரணம் இருக்கிறது. தொண்ணூற்றெட்டில் நாற்பது பேர் வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார்கள். கர்ப்பிணி ஒருத்தி அந்தக் கரையிலேயே போய்விட்டாளாம், வண்டி வர வழியில்லாமல். மனுவை வாங்கிக்கொண்டேன், போகச் சொன்னேன், போகவில்லை. ஆட்சியர் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இது எந்த செக்‌ஷன்?" என்று கேட்டார். எல்லோர் முன்னாலும். ஏழு வருஷ சர்வீஸில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அன்று சாயங்காலம் வைத்த புள்ளி. பிறகு அதை எடுக்கவேண்டிய அவசியம் வரவில்லை.

பெட்டியின் மடத்தனத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். நான் இருந்திருந்தால் என் மனுவைப் பார்த்ததும் தெரிந்துகொண்டிருப்பேன், இது வேறு என்று. காகிதம் வேறு, கையெழுத்து வேறு, நான்கு பக்கம், பார்வை ஆறு. ஆள் யாரென்று பார்க்கத் தெரிய வேண்டாமா? அது எல்லோரையும் ஒரே மாதிரி நடத்திவிட்டது.

நீதிமன்றத்திலிருந்து வந்த அன்றைக்குப் பகவதியை நாற்காலியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இந்தக் கரையில் இறக்கிவைத்ததும் சொர்ணத்தாயைத் தனியே கூப்பிட்டேன். மாவட்ட அலுவலகத்தில் அந்தச் சீட்டில் இருந்தது நான்தான் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"வீடு பால் காய்ச்சுன அன்னைக்கே தெரியும் சார். எந்தங்கச்சி செத்த வருசம் உங்க மேசைக்கு முன்னால ஆறு தடவை நின்னுருக்கேன். நீங்க தலை நிமிரல."

தங்கச்சியாம், அந்தக் கர்ப்பிணி. எனக்கு யார் சொன்னார்கள்?

"பிறகு ஏன் நாற்காலி தூக்கினாய்?" என்றேன்.

"நாற்காலியில இருக்கது நீங்க இல்லையே சார்" என்றாள். சொல்லிவிட்டுச் சேலையைப் பிழிந்துகொண்டு போய்விட்டாள். எப்படிப் பேசுகிறார்கள் பாருங்கள். படிப்பில்லாவிட்டாலும் வாய்க்குக் குறைவில்லை.

நீதிமன்றம் கடைசியாக ஓர் உத்தரவு போட்டது. மேலக்கால்குளத்து மனு எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டும். பெட்டி தொடக் கூடாது. ஓர் அதிகாரி நேரில் உட்கார்ந்து, இரண்டு தரப்பையும் கேட்டு, காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தேதி வரிசைப்படி. அந்த விசாரணை இன்றைக்குப் பதினொரு மணிக்கு. அதற்குத்தான் போய்க்கொண்டிருக்கிறோம். இன்று செவ்வாய்க்கிழமை. பகவதியை மாரிக்கனி பார்த்துக்கொள்கிறாள், இந்நேரம் தடியைத் தாண்டியிருப்பார்கள். அடுத்த மாதம் ஐப்பசி.

எனக்கு நோட்டீஸ் இரண்டு வந்தது. இதோ. பார்வை ஒன்று: கோமதிநாயகம், மனுதாரர், வரிசை எண் முப்பத்திரண்டு. அது சரி. பார்வை இரண்டு: கோமதிநாயகம், வரிசை எண் ஒன்றில் கண்ட மனுவை முடித்த அலுவலர், மறுத்ததற்கான காரணத்தை எழுத்து மூலம் தாக்கல் செய்ய வேண்டும். காரணம் பதிவாகாமல் அடுத்த மனு எடுக்கப்பட மாட்டாது.

புரிகிறதா? நான் எழுதிக் கொடுக்காமல் வரிசை நகராது. வரிசை நகராமல் என் முறை வராது. என் வக்கீல் வாங்கிய உத்தரவு இது. அந்தப் பெண்ணிடம் கேட்டால், "இதுதானே சார் நீங்க கேட்டது?" என்கிறது.

நான்கு நாளாக எழுதிப் பார்க்கிறேன். இருபத்தெட்டு வருஷம் குறிப்பு எழுதிய கை. "கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது" என்று தொடங்கினால், யார் பரிசீலித்தது, என்று, எதைப் பார்த்து என்று கேட்பார்கள். நிதி இல்லை என்று போடலாம் என்றால், நிதி இருக்கிறதா என்று நான் யாரிடமும் கேட்டதற்குக் கோப்பில் ஒரு தாள் இல்லை. ஆட்சியர் எட்டிப் பார்த்தார் என்று எழுத முடியுமா? இந்தத் தாளைப் பாருங்கள், தேதி மட்டும்தான் இருக்கிறது.

ஒன்று செய்யுங்களேன். அந்தப் போனில் கேளுங்கள். தப்பில்லை, அவசரத்துக்குத்தானே. தொண்ணூற்றெட்டாம் வருஷம், பாலம் கேட்டு ஒரு கிராமத்து மனு, அலுவலர் மறுத்துவிட்டார், அதற்குப் பொருத்தமான ஒரு காரணம், ஒரு பாரா போதும். தமிழ் கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும்.

வந்துவிட்டதா? காட்டுங்கள். கண்ணாடி இல்லாமல் எனக்குத் தெரியாது, நீங்களே படியுங்கள்.

என்ன? திரும்பப் படியுங்கள்.

எந்தக் காரணத்துக்காக மறுத்தீர்கள் என்று சொன்னால் எழுதித் தருகிறேன் என்கிறதா?

விடுங்கள். அணைத்துவிடுங்கள். ஸ்டாப் வந்துவிட்டது. அவள் எழுந்துவிட்டாள், பாருங்கள். மஞ்சள் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, படியில் எனக்காக நிற்கிறாள்.